போர்க்காலத்தில் படைவீரர்களுக்கு வேதாகமம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் என்று செய்தி வந்ததும் சபைகளில் இரண்டு காரியங்கள் நடக்கும். ஒன்று ஜெபக்கூட்டம். இன்னொன்று, "எல்லையில் இருக்கிற பிள்ளைகளுக்கு வேதாகமம் அனுப்புவோம்" என்று யாராவது எழுந்து சொல்வது. முதலாவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். இரண்டாவதற்கு வேண்டும். முக்கியமாக, அதை வாங்கப்போகிறவருடைய அனுமதி வேண்டும். கீழே உள்ள பதில்களில் பல சுற்றிச் சுற்றி அந்த இடத்துக்கே வந்து நிற்கும்.

இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது?

அச்சு இயந்திரம் வந்து, புத்தகம் சட்டைப்பைக்குள் அடங்குகிற அளவுக்குச் சிறுத்த பிறகுதான் இது பெரிய அளவில் சாத்தியமானது. 1643இல், இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரின்போது, பாராளுமன்றப் படையினருக்காக 16 பக்கத்தில் ஒரு சிறு வெளியீடு வந்தது. அது முழு வேதாகமம் இல்லை. போர்வீரன் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும், யாரை நம்ப வேண்டும் என்று தலைப்பிட்டுத் தொகுத்த வசனங்கள். ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க உள்நாட்டுப் போரில் அதே சிறுநூலை மறுபடி அச்சடித்துக் கொடுத்தார்கள்.

இதற்கென்றே அமைந்த சங்கம் 1779இல் லண்டனில் உருவானது. கடற்படையினருக்கும் தரைப்படையினருக்கும் வேதாகமம் கொடுப்பதுதான் அதன் வேலை. பலரும் அறிந்த பிரிட்டிஷ் வெளிநாட்டு வேதாகமச் சங்கம் பிறந்தது 1804இல், அதாவது 25 ஆண்டுகள் கழித்து. 1779 சங்கத்தாரிடம் முதலில் வேதாகமங்கள் பெற்ற கப்பல் 'ராயல் ஜார்ஜ்'. 1782 ஆகஸ்ட் 29 அன்று கரைக்கு மிக அருகில், நங்கூரமிட்டிருந்த நிலையிலேயே அது கவிழ்ந்து, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். வேதாகமம் இருந்த கப்பல் மூழ்காது என்று நினைக்கிறவர்கள் இந்த வரலாற்றின் முதல் பக்கத்தையே படிக்கவில்லை என்று அர்த்தம்.

முழு வேதாகமமா, புதிய ஏற்பாடு மட்டுமா, ஒரே ஒரு சுவிசேஷமா?

சுமையைப் பொறுத்தது. காலாட்படையில் இருப்பவர் தண்ணீர், குண்டுகள், உணவு, போர்வை என்று முதுகு ஒடியச் சுமக்கிறார். அதன்மேல் பெரிய எழுத்து, தோல் அட்டை, ஜிப் போட்ட வேதாகமத்தைக் கொடுத்தால் அது முகாமிலேயே தங்கிவிடும். புதிய ஏற்பாடும் சங்கீதமும் சேர்ந்த சிறு பதிப்புதான் நீண்ட காலமாக நிலைத்து நிற்கிறது. அதைவிடவும் நல்லது, சில நேரங்களில், மாற்கு சுவிசேஷம் மட்டும். ஒரே அமர்வில் படித்து முடித்துவிடலாம். காவல் பணிக்கு இடையில் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்பதை யோசித்தால் இது புரியும்.

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் 80 மொழிகளில் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளைக் கொடுத்தது. அதில் பெரும் பங்கு இப்படிப்பட்ட சிறு பதிப்புகளும் தனிச் சுவிசேஷங்களுமே. அன்று வீரர்களுக்குக் கொடுத்த ஒரு புதிய ஏற்பாட்டில், முதிய தளபதி லார்ட் ராபர்ட்ஸ் 1914 ஆகஸ்ட் 25 தேதியிட்டு எழுதிய சில வரிகள் அச்சாகியிருந்தன: நலமாக இருக்கும்போது வழிகாட்டுதலும், நோயில் ஆறுதலும், துன்பத்தில் பலமும் இதில் கிடைக்கும் என்பது அதன் சாரம். உயிர் பிழைப்பாய் என்று அவர் எழுதவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் போர்க்களம் பார்த்தவர் அப்படி எழுதியிருக்கவும் மாட்டார்.

ஈரம் படாத உறை முக்கியம். 1942 அக்டோபரில் அமெரிக்க விமானி எடி ரிக்கன்பேக்கர் உள்ளிட்ட எட்டுப் பேர் பயணித்த விமானம் பசிபிக் கடலில் இறங்கியது. மிதவைகளில் அவர்கள் தத்தளித்த மூன்று வாரத்துக்கும் மேலான காலத்தில், ஒருவரிடமிருந்த சிறிய புதிய ஏற்பாட்டை வைத்து தினமும் ஜெபித்தார்கள். மத்தேயு 6இல் வரும் "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்ற பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். எழுவர் மீட்கப்பட்டனர், ஒருவர் வழியிலேயே இறந்தார். அதன்பின் அமெரிக்க வேதாகமச் சங்கம், தண்ணீர் புகாத உறையிட்ட புதிய ஏற்பாடுகளை உயிர்காக்கும் மிதவைகளில் வைக்கக் கொடுத்தது.

எந்தப் பகுதிகளைப் பரிந்துரைக்கலாம்?

நம்மவர்கள் உடனே கை வைப்பது 91ஆம் சங்கீதத்தில். அடுத்து 23, அதற்கடுத்து யோசுவா 1:9. தவறில்லை. ஆனால் மூன்றும் புறப்படுகிறவருக்கான வசனங்கள். தோழனின் உடலைத் தூக்கிக்கொண்டு திரும்பியவருக்கு "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது" என்று வாசித்தால் அவர் மனதில் என்ன ஓடும்? அந்த ஆயிரத்தில் ஒருவன் அவருடைய நண்பன்.

அதனால் புலம்பலையும் சேர்த்துக் கொடுங்கள். 2 சாமுவேல் முதலாம் அதிகாரத்தில் தாவீது யோனத்தானுக்காக அழுவது, போர்க்களத்தில் நண்பனை இழந்த ஒரு வீரனுடைய ஒப்பாரி. 88ஆம் சங்கீதம் எந்த ஆறுதலும் இல்லாமல், "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்" என்ற புகாரோடு முடிகிறது. இப்படியும் ஜெபிக்கலாம் என்று தெரிவதே சிலருக்குப் பெரிய விடுதலை.

வேதத்தில் வரும் போர்வீரர்களையும் காட்டலாம். கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதி (மத்தேயு 8), கொர்நேலியு (அப்போஸ்தலர் 10), சிலுவையடியில் நின்ற அதிகாரி. மூவருமே அந்நியப் படையினர், மக்கள் விரும்பாத ஆக்கிரமிப்பாளரின் சம்பளத்தில் இருந்தவர்கள். அப்படியிருந்தும் சுவிசேஷகர்கள் அவர்களை மரியாதையோடு எழுதியிருக்கிறார்கள்.

91ஆம் சங்கீதத்தைத் தினமும் சொன்ன ஒரு படைப்பிரிவில் ஒருவர்கூடச் சாகவில்லை என்கிறார்களே?

முதல் உலகப்போரில் அமெரிக்காவின் 91ஆவது பிரிவு என்று இந்தக் கதை பிரசங்கங்களில் சுற்றுகிறது. உண்மையான 91ஆவது டிவிஷன் 1918இல் பிரான்ஸில் நடந்த மியூஸ்–ஆர்கோன் தாக்குதலில் சண்டையிட்டது. அதன் இழப்பு ஆயிரக்கணக்கில். கதை பொய்.

பொய் என்பதைவிட, அது செய்யும் கேடு பெரிது. இந்தச் சங்கீதத்தைத் தினமும் சொல்லியும் மகனை இழந்த தாய்க்கு அந்தக் கதை என்ன சொல்கிறது? அவள் விசுவாசம் போதவில்லை என்றா? இதே சங்கீதத்தின் 11, 12 வசனங்களை, ஆலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொல்லி இயேசுவிடம் மேற்கோள் காட்டியவன் யார் என்று மத்தேயு 4:6இல் பார்த்துக்கொள்ளலாம்.

நெஞ்சுப் பையில் வைத்த வேதாகமம் தோட்டாவைத் தடுக்குமா?

தடுத்த சம்பவங்கள் உண்டு. வேகம் குறைந்த தோட்டாவோ குண்டுச் சிதறலோ தைத்து நின்ற பழைய பிரதிகள் சில பாதுகாக்கப்பட்டும் இருக்கின்றன. தடித்த எந்தப் புத்தகமும், சீட்டுக்கட்டும், சிகரெட் டப்பாவும் எப்போதாவது இதைச் செய்திருக்கும். நேரே பாயும் துப்பாக்கித் தோட்டாவுக்குச் சிறிய புதிய ஏற்பாடு ஒரு தடையே இல்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவில் மெல்லிய உலோக அட்டை போட்டு, "இது உன்னைத் தீங்கிலிருந்து காக்கட்டும்" என்று பொறித்து விற்றார்கள். வாங்கி அனுப்பிய தாய்மாரைக் குறை சொல்ல மனம் வராது. விற்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

தாயத்தாகக் கட்டிக்கொள்ள வேண்டுமானால் திறந்து படிக்க வேண்டிய அவசியமே இல்லையே.

அதிகாரி ஒருவர் தனக்குக் கீழே இருக்கும் வீரர்களுக்கு வேதாகமம் கொடுக்கலாமா?

இங்கேதான் நன்றாக நின்று யோசிக்க வேண்டும். "நில்" என்றால் நிற்கவும், "சுடு" என்றால் சுடவும் பழக்கப்பட்டவர் சிப்பாய். விடுப்பு, பதவி உயர்வு, காவல் பணி நேரம் எல்லாம் மேலே இருப்பவர் கையில். அந்தக் கை ஒரு புத்தகத்தை நீட்டினால், "வேண்டாம் ஐயா" என்று சொல்ல அவருக்கு உண்மையில் வழி இருக்கிறதா? வழி இல்லையென்றால் அது பரிசு ஆகாது. கட்டளையாகிவிடும்.

நம் வரலாறே இதற்குச் சாட்சி. 1857இல் பராக்பூரில் 34ஆவது வங்காளக் காலாட்படைக்குத் தளபதியாக இருந்த கர்னல் வீலர், பல ஆண்டுகளாகச் சிப்பாய்களுக்கும் மற்றவர்களுக்கும் சுவிசேஷம் சொல்லிவந்ததை எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். தன் மனசாட்சிப்படி அது கடமை என்றார். மங்கள் பாண்டே அந்தப் படைப்பிரிவின் சிப்பாய்தான். கொழுப்புத் தடவிய தோட்டா உறை மட்டும் கலகத்தை மூட்டவில்லை. "எங்களை மதம் மாற்றப் பார்க்கிறார்கள்" என்ற சந்தேகம் அதற்கு முன்பே ஊறியிருந்தது. கவர்னர் ஜெனரல் கானிங்கே வீலர் படைநடத்தத் தகுதியற்றவர் என்று கருதினார்.

அதற்கும் முன்னே, 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டை. அங்கே யாரும் வேதாகமம் விநியோகிக்கவில்லை. புதுத் தலைப்பாகை, நெற்றிக் குறிக்கும் கடுக்கனுக்கும் தடை, தாடியைத் திருத்த உத்தரவு, இவ்வளவுதான். அதுவே மதமாற்றத்தின் முதல் படி என்று சிப்பாய்கள் நம்பப் போதுமானதாக இருந்தது. அதிகாரத்தின் நிழலில் செய்யும் எதையும் கீழே இருப்பவர் எப்படிப் பார்ப்பார் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

ஆகவே பதில்: அதிகாரி தன் கையால் கொடுக்க வேண்டாம். ராணுவப் போதகர் கொடுக்கட்டும். அல்லது பொதுவான ஒரு மேசையில் வைத்துவிட்டு, யார் எடுத்தார் யார் எடுக்கவில்லை என்று பார்க்காமல் போய்விடட்டும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க அரசின் அச்சகமே ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் முன்வரிகளோடு வேத நூல்களை அச்சிட்டது. ஆனால் புரோட்டஸ்டன்ட், கத்தோலிக்கர், யூதர் என்று மூன்று தனிப் பதிப்புகள் இருந்தன. அரசின் முத்திரை அந்த அளவுக்கு இருக்க வேண்டுமா என்பது வேறு விவாதம். தேர்வுக்காவது இடம் விட்டார்கள்.

இந்திய ராணுவத்தில் பண்டிதர், சீக்கியக் கிரந்தி, மௌல்வி, பாதிரியார், பௌத்த பிக்கு என்று சமய ஆசிரியர்கள் ஜேசிஓ (இளநிலை ஆணைபெற்ற அதிகாரி) தரத்தில் நியமிக்கப்படுகிறார்கள். அங்கே வேதாகமம் அனுப்ப விரும்பும் சபைக்கு முதல் வாசல் அந்தப் பாதிரியார்தான்.

வேறு மதத்தைச் சேர்ந்த வீரருக்கு?

அவர் கேட்டால் கொடுங்கள். கேட்காவிட்டால், அவருக்கு வேண்டியதைக் கொடுங்கள்: தேநீர், கடிதத்தாள், எழுதத் தெரியாதவருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது. முதல் உலகப்போரில் பிரான்ஸில் இருந்த இந்தியப் படையினரிடையே ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்கள் வேலை செய்தது இந்த விதத்தில்தான். மதப் பிரசாரம் கூடாது என்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்ட பிறகே அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. சேலத்தில் பிறந்த கே.டி. பால் இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முன்னணியில் இருந்த காலம் அது. சுவிசேஷ அமைப்பொன்று இப்படி வாயைக் கட்டிக்கொண்டு போகலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டவனுக்குச் சமாரியன் என்ன பிரசங்கம் செய்தான் என்று திருப்பிக் கேட்கலாம்.

எதிரிப் படையினருக்கும் போர்க்கைதிகளுக்கும் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களில் வேதாகமத்துக்குக் கடும் பஞ்சம். அச்சகங்கள் பெரும்பாலும் வடக்கே இருந்தன. கடல் வழியை வடக்கின் கடற்படை அடைத்திருந்தது. ரிச்மண்ட் நகரப் போதகர் மோசஸ் ஹோக் அந்த முற்றுகையைத் தாண்டி இங்கிலாந்து போய், 10,000 வேதாகமங்கள், 50,000 புதிய ஏற்பாடுகள், 2,50,000 சிறு பகுதிகள் என்று வேதாகமச் சங்கத்திடம் பெற்றார். இன்னும் வியப்பு, வடக்கே நியூயார்க்கில் இருந்த அமெரிக்க வேதாகமச் சங்கமும் போர் நடக்கும்போதே எல்லை தாண்டித் தெற்குக்கு அனுப்பியது. இரு பக்கமும் ஒரே புத்தகத்தைப் படித்து ஒருவரையொருவர் சுட்டார்கள் என்பது சங்கடமான உண்மைதான். அதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைப் பெருமையாக மட்டும் பேசக்கூடாது.

போர்க்கைதிகளைப் பொறுத்தவரை சட்டம் தெளிவு. 1949 மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 34ஆம் பிரிவு கைதிகளுக்கு வழிபாட்டு உரிமை தருகிறது. சிறைப்பட்ட போதகர்கள் தங்கள் மக்களுக்கு ஊழியம் செய்ய 35ஆம் பிரிவு இடமளிக்கிறது. மத சம்பந்தமான பொருள்களையும் நூல்களையும் பார்சலில் பெற 72ஆம் பிரிவு வழி விடுகிறது. ஒரு எச்சரிக்கை: கைதியின் கையில் வேதாகமத்தைக் கொடுத்துப் படம் எடுத்துச் சபைப் பத்திரிகையில் போடாதீர்கள். கைதிகளை வேடிக்கைப் பொருளாக்குவதை 13ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அசிங்கமே.

கைதிக்குக் கிடைத்த புத்தகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜேக்கப் டெஷேசர் ஓர் எடுத்துக்காட்டு. 1942இல் ஜப்பான்மீது குண்டு வீசிய அமெரிக்க விமானப்படையாளர். பிடிபட்டுச் சீனாவில் தனிச்சிறையில் கிடந்தார். 1944இல் ஜப்பானியக் காவலர்கள் அவருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு வேதாகமம் கொடுத்தார்கள். வெறுப்பை விட்டார். போருக்குப் பின் 1948இல் ஜப்பானுக்கே மிஷனரியாகத் திரும்பினார். அவருடைய சாட்சி அச்சான துண்டுப்பிரசுரம் டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் ஒருவர் கைக்குப் போனது. வாங்கியவர் மிட்சுவோ ஃபுச்சிடா, பேர்ல் துறைமுகத் தாக்குதலை வானிலிருந்து வழிநடத்தியவர். பிறகு அவர் ஒரு புதிய ஏற்பாடு வாங்கிப் படித்தார். "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்ற லூக்கா 23:34இல் தான் நின்றுபோனதாக அவரே சொல்லியிருக்கிறார். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில் இருந்தது, பெயர் தெரியாத எதிரி நாட்டுக் காவலர்கள்.

அந்நிய மண்ணில் நிற்கும் வீரர்கள் அங்குள்ள மக்களுக்கு வேதம் பகிரலாமா?

கூடாது. ஆயுதம் தாங்கியவர் நீட்டும் புத்தகம் அது. அமெரிக்காவின் ஒரு சபை ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்துக்கு பஷ்தோ, தாரி மொழி வேதாகமங்களை அனுப்பியது. அங்கே மதப் பிரசாரம் செய்ய வீரர்களுக்குத் தடை இருந்ததால் ராணுவமே அவற்றைப் பறிமுதல் செய்து அழித்தது. 2009 மே மாதம் விஷயம் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. அனுப்பியவர்களின் ஆர்வத்தைப் பாராட்டுகிறவர்கள், ஒரு பிரதி பிடிபட்டால் அங்கே அதை வைத்திருந்த உள்ளூர் மனிதருக்கு என்ன ஆகியிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஆயுதத்தில் வசனம் பொறிப்பது?

2010இல் ட்ரைஜிகான் என்ற நிறுவனம் அமெரிக்கப் படைகளுக்கு விற்ற துப்பாக்கிக் குறிநோக்கிகளில் யோவான் 8:12, 2 கொரிந்தியர் 4:6 ஆகியவற்றின் எண்கள் தொடர் எண்ணோடு சேர்ந்து பொறிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. எதிர்ப்புக்குப் பின் நிறுவனம் நிறுத்திக்கொண்டு, இருப்பதை நீக்கவும் கருவி கொடுத்தது. "நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்" என்பதை மனிதனைக் குறிபார்க்கும் கண்ணாடிமேல் எழுதத் தோன்றியது எப்படி என்று இன்னும் விளங்கவில்லை.

"கொலை செய்யாதிருப்பாயாக என்று எழுதியிருக்கிறதே, நான் என்ன செய்ய?" என்று வீரர் கேட்டால்?

உடனே பதில் சொல்லத் துடிக்காதீர்கள். திருச்சபையே இதில் ஒருமித்துப் பேசியதில்லை. மெனோனைட்டுகள், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஆயுதத்தையே மறுத்தார்கள். ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகஸ்டினின் வழி வந்தவர்கள் நியாயமான போர் உண்டு என்றார்கள். யோவான் ஸ்நானகனிடம் போர்ச்சேவகர் வந்து கேட்டபோது, வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை: "ஒருவருக்கும் இடுக்கண் செய்யாமலும், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமலும், உங்கள் சம்பளமே போதுமென்றும் இருங்கள்" (லூக்கா 3:14). கொள்ளை, மிரட்டல், பொய்வழக்கு என்று படைகளின் நித்திய வியாதிகள் மூன்றையும் ஒரே வரியில் தொட்டார். அதே வேதம், திரளான இரத்தம் சிந்தியதால் தாவீது ஆலயம் கட்டக்கூடாது என்றும் சொல்கிறது (1 நாளாகமம் 22:8). தாவீதின் போர்கள் நியாயமானவையாகவே இருந்திருந்தாலும் அவர் கையில் ஒட்டியதை வேதம் மறைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுப்பது, அவரைத் தேற்றுவதுபோல் நம்மை நாமே தேற்றிக்கொள்வது.

கைப்பேசியில் அனுப்பிவிடலாமே?

முகாமில் இருக்கும்போது சரி. முன்னணியில் கைப்பேசி ஆளைக் காட்டிக்கொடுக்கும். 2023 புத்தாண்டன்று உக்ரைனின் மக்கீவ்காவில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடம் தாக்கப்பட்டுப் பலர் இறந்தபோது, தடையை மீறிய கைப்பேசிப் பயன்பாடே முக்கியக் காரணம் என்று ரஷ்ய ராணுவமே சொன்னது. காகிதம் அலைவரிசை விடாது. வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு, இணைய இணைப்பே இல்லாத சிறிய ஒலிப்பான்களில் வேதம் பதிந்து கொடுக்கிறார்கள். அது நல்ல வழி.

போரிலிருந்து திரும்பியவருக்கு என்ன கொடுப்பது?

நேரம். மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைப்பதைத் தள்ளிப்போடுங்கள். எண்ணாகமம் 31இல், போரிலிருந்து வந்தவர்கள் ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே தங்கித் தங்களைச் சுத்திகரிக்கும்படி கட்டளை இருக்கிறது. அந்த அதிகாரத்தின் மற்ற பகுதி மிகக் கொடூரமானது, அதை அப்படியே தூக்கி யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் போருக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும் என்பதை அந்தப் பழைய மக்கள் அறிந்திருந்தார்கள். செய்ததை நினைத்துத் தூங்க முடியாதவரோடு உட்கார்ந்து 51ஆம் சங்கீதம் படிக்கலாம். தூக்கமின்மையும் திடுக்கிடலும் நீடித்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போவது விசுவாசக் குறைவு ஆகாது.

நாங்கள் அனுப்பும் பிரதியின் முதல் பக்கத்தில் என்ன எழுதலாம்?

அவருடைய பெயர், அனுப்புகிறவரின் பெயர், ஒரு வசனத்தின் எண். போதும். படைப்பிரிவின் பெயரையோ இடத்தையோ எழுதாதீர்கள். புத்தகம் யார் கையில் விழும் என்று சொல்ல முடியாது. "கட்டாயம் தினமும் படிக்கவும்" என்றும், "படித்துவிட்டுப் பதில் எழுதவும்" என்றும் எழுத வேண்டாம். பதில் வராவிட்டால் அடுத்த மாதம் வேதாகமம் இன்னொன்று அனுப்பாமல், காலுறை நாலு ஜோடி அனுப்புங்கள்.